ஏரிக்கு யோசிக்கப் போன அத்தைக்கு

மார்ச் 4

அன்புள்ள அத்தைக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். பகலில் பேனா பிடிக்க எனக்குக் கை ஒழிவதில்லை. ஏன் ஒழிவதில்லை என்று உங்களுக்கே தெரியும். எழுத்து கோணலாக இருந்தால், என் இடது தோளில் உங்கள் பேத்தி கிடக்கிறாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கீழே கிடத்தினால் விழித்துவிடுகிறாள்.

நலம் விசாரிப்பது முறை. நலமா? நாங்கள் நலமில்லை.

போனில் கேட்டிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டீர்கள். நீங்கள் கிளம்பிய அன்று காலை குழந்தையைப் பார்க்க அலமாரியில் வைத்த கேமராவை என் போனில் திறந்தால், திரை முழுக்க உங்கள் போன். கேமராவுக்கு நேர் எதிரே சாய்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். இந்தக் குசும்பு உங்களுக்கு உண்டு என்று நான் நினைக்கவில்லை. உங்கள் மகனோ, சாப்பாட்டு மேசையில் இருந்த சீட்டை வாசித்தார். “ஏரிக்கரைக்குப் போகிறேன், கொஞ்சம் யோசிக்க வேண்டும்.” கீழே விடுதியின் முகவரி. “அம்மா ரெஸ்ட் எடுக்கட்டும், விடு” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

யோசிக்க ஏரி எதற்கு, அத்தை? நம் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே.

கேமராவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் வைத்தேன் என்பதுதானே உங்கள் கோபம்? சொல்லிவிட்டு வைத்தால் அதற்குப் பெயர் சோதனை இல்லை. பால் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள் நான். வண்டி வரும் நேரத்தை முன்கூட்டிச் சொல்லிவிட்டு சாம்பிள் எடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டேன். பிரசவ விடுப்பு முடிவதற்குள் ஒரு நாள் வேலைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று போனேன். குழந்தையை உங்களிடம் விட்டுவிட்டுத்தானே போனேன்? அங்கிருந்து பார்த்தேன். தலை தொங்குவது போலத் தெரிந்தது. கத்தினேன். எந்தத் தாய்தான் கத்த மாட்டாள்?

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நாத்தனார் போன் செய்தார். “என்னம்மா, வந்த மூணாவது வருஷத்துலயே மாமியாரக் கிளப்பிட்டியாமே? கெட்டிக்காரிதான்!” என்றார். அவரிடமிருந்து அது எங்கெங்கே போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மகனின் சித்தப்பா பெண் இரண்டு நாளாக என் மெசேஜுக்குப் பதில் போடவில்லை. கீழ் வீட்டு அம்மாள் என்னைப் பார்த்தால் குழந்தையிடம் மட்டும் பேசுகிறார்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். “என் விருப்பத்தில்தான் வந்தேன், மருமகள் துரத்தவில்லை” என்று உங்கள் நாத்தனாருக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள். இருபத்தைந்தாம் தேதி நான் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் ஞாபகப்படுத்துகிறேன். ஏற்கெனவே ஒரு முறை விடுப்பை நீட்டிவிட்டார்கள். இனி நீட்ட மாட்டார்கள்.

மரியாதையுடன்,
உங்கள் மருமகள்


மார்ச் 8

மருமகளுக்கு,

‘அன்புள்ள’ என்று போடத்தான் பேனாவை எடுத்தேன். மனசு வரவில்லை. இல்லாததை எழுதி எனக்குப் பழக்கமில்லை.

தண்ணீர்த் தொட்டி என்கிறாய். அந்தத் தொட்டியைக் கழுவுகிறவள் யார்? அதைப் பார்த்தால் எனக்கு யோசனை வராது, துடைப்பம்தான் ஞாபகம் வரும்.

அன்று என்ன நடந்தது என்பதை நீ உன் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தாய். நான் இருந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன், கேள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருந்தேன். உன் மாமனார் போன பிறகு நான் வாய்விட்டுப் பேசியது அவளிடம்தான். என் முட்டிவலி, உன் மாமனாரின் முன்கோபம், நான் கேட்டு யாரும் வாங்கித் தராத நீலச் சைக்கிள், எல்லாம் அவளுக்குத் தெரியும். உன்னைப் பற்றியும் சொல்லியிருக்கிறேன், நல்லபடியாக அல்ல. அப்போது அலமாரி, “அத்தை, தலையைத் தாங்குங்க!” என்று அலறியது. கரடி பொம்மைக்குப் பின்னாலிருந்து உன் குரல். தலையைத் தாங்கிக்கொண்டிருந்த கைதான் பயத்தில் உதறிப்போனது. இன்னும் கொஞ்சம் என்றால் நழுவவிட்டிருப்பேன். நீ போட்ட சத்தத்தில் குழந்தை விழுந்திருந்தால் அதையும் என் தலையில்தான் எழுதியிருப்பாய்.

நான் பால் பாக்கெட் இல்லை, சாம்பிள் எடுத்துப் பார்ப்பதற்கு.

ஏரியைப் பற்றி நீ கேட்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், காகிதத்தில் இடம் இருக்கிறது. என் அப்பா இந்த ஏரியின் மதகைத் திறந்து மூடுகிற வேலையில் இருந்தார். நாங்கள் குடியிருந்த அரசாங்க வீடுதான் இப்போது நான் தங்கியிருக்கும் விடுதி. மதகுச் சுவருக்குப் பின்னால் ஒரு தட்டைக் கல் உண்டு. வீட்டிலிருந்து பார்த்தால் அங்கே உட்கார்ந்திருப்பவர் தெரிய மாட்டார். அம்மா கூப்பிடுவது எனக்குக் கேட்கும், நான் இருப்பது அம்மாவுக்குத் தெரியாது. ஐந்து பிள்ளைகளில் மூத்தவளுக்கு அந்த ஒரு கல்லுதான் சொந்தம். அந்தக் கல்லைத் தேடித்தான் வந்தேன். இப்போது அங்கே சிமெண்டு போட்டு பெஞ்சு கட்டியிருக்கிறார்கள். எதிரே அன்னப் பறவை மாதிரி மிதி படகுகள். உட்கார்ந்தால் போதும், “ஆன்ட்டி, ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?” என்று போனை நீட்டுகிறார்கள். எடுத்துக் கொடுத்தால், “தலை கட் ஆயிடுச்சே” என்கிறார்கள். தலை விஷயத்தில் நான் எங்கே போனாலும் குற்றவாளிதான் போலிருக்கிறது.

நாத்தனாருக்கு எழுத மாட்டேன். துரத்தவில்லை என்று எழுதச் சொல்கிறாய். துரத்தினாய். துடைப்பத்தை எடுத்தால்தான் துரத்தியதாகுமா?

குழந்தையைக் கிடத்துவதற்கு முன் விரிப்பைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையால் தேய்த்துச் சூடாக்கு. சில்லென்று பட்டால்தான் விழிக்கிறாள். இது உனக்காகச் சொல்வதல்ல.

அத்தை


மார்ச் 12

அத்தைக்கு,

நானும் ‘அன்புள்ள’வை எடுத்துவிட்டேன். கணக்கு சரியாகிவிட்டது.

விரிப்பைத் தேய்த்தேன். தூங்கினாள். நன்றி சொல்ல மாட்டேன். இவ்வளவு மாதமும் அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, நான் தோளில் போட்டு விடிய விடிய நடப்பதை வேடிக்கை பார்த்திருக்கிறீர்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்பீர்கள். கேட்டால் உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வருமே, அதற்குப் பயந்துதான் கேட்கவில்லை.

நீங்கள் சொன்னதை உங்கள் மகனிடம் வாசித்துக் காட்டினேன். “ரெண்டு பேரும் ஏதாவது பண்ணிக்குங்க, என்னை இழுக்காதீங்க” என்றார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்களே, அதை எனக்குக் கட்டிவைத்துவிட்டு நீங்கள் ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். குழந்தை அழுதால் அவர் எழுந்திருப்பார். எழுந்து வந்து, “அழுவுது” என்று என்னிடம் சொல்வார். இப்படி ஒரு பிள்ளையை வளர்த்தவர் யோசிக்கத்தான் வேண்டும். நிறைய யோசியுங்கள்.

உங்களுக்கு மட்டும் வைத்த கேமரா என்று நினைக்கிறீர்கள். என் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாலும் வைத்திருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகனிடம் விட்டுவிட்டு மருந்து வாங்கப் போனேன். கடை வாசலில் நின்று பார்த்தேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், குழந்தை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்தை வாங்காமலே திரும்பினேன்.

எனக்கு என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. வேலைக்குப் போன அந்த ஒரு நாளிலேயே எத்தனை தடவை! சோதனைக்கூடத்தில் குழாயை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருப்பேன். திடீரென்று, இந்த நிமிஷம் அவளுக்கு மூச்சு நின்றிருந்தால் என்று தோன்றும். போனைத் திறந்து, அவள் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தால்தான் அடுத்த குழாயை எடுக்க முடியும். டாக்டரிடம் சொன்னேன். “முதல் குழந்தைன்னா அப்படித்தாம்மா” என்றார். நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள். சொல்ல வேண்டாம்.

உங்கள் நாத்தனார் வருகிற ஞாயிறன்று நேரில் வருகிறாராம், நியாயம் கேட்க. அதற்குள் அந்த இரண்டு வரியை எழுதிவிடுங்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சும்மாவா சொன்னார்கள்? நீங்கள் வீட்டைவிட்டுப் போனதற்கு நான் கூண்டில் நிற்கிறேன்.

மருமகள்


மார்ச் 15

மருமகளுக்கு,

நாத்தனார் வரட்டும். என் கல்யாணத்துக்கு மறுநாள் என் பெட்டியைத் திறந்து புடவைகளை எண்ணியவர் அவர். உன் பெட்டியையும் பூட்டி வை.

பிள்ளையை நான் வளர்த்தேன் என்கிறாய். வளர்த்தேன். அவனுடைய அப்பாவையும், அவருடைய அம்மாவையும், கடைசியில் படுக்கையிலிருந்த அவருடைய பெரியப்பாவையும் சேர்த்து வளர்த்தேன். இதில் எந்த இடத்தில் கவனம் பிசகியது என்று உன் கூடத்தில் சோதித்துப் பார்த்துச் சொல்.

என்ன யோசித்தாய் என்று நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஒன்றும் யோசிக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தி ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தால் ஞானம் வரும் என்று நினைத்தேன். கொசுதான் வந்தது. சலிப்பாக இருக்கிறது. காலையில் எழுந்தால் எனக்காக ஒரு வேலையும் காத்திருப்பதில்லை. இரண்டு நாள் அழுகை வந்தது. மூன்றாம் நாள் அதுவும் சலித்துவிட்டது. ஆனால் ஒன்று, சலித்துப்போகிற அளவுக்கு எனக்கு நேரம் கிடைத்தது இதுதான் முதல் தடவை. அதை இருபத்தைந்தாம் தேதிக்குள் முடித்துக்கொண்டு வா என்கிறாய்.

வருவேனா என்று தெரியாது. பேத்தியை நினைத்தால் மடி காலியாக இருப்பது தெரிகிறது. அந்த அலமாரியை நினைத்தால் வாய் மூடிக்கொள்கிறது. வாயை மூடிக்கொண்டு வாழ்ந்தது போதும்.

இனி இந்த விஷயமாக எழுதாதே. எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

அத்தை


மார்ச் 19

அத்தைக்கு,

இதை நீங்கள் வாசித்துக்கொண்டிருந்தால், சொன்ன வாக்கைக் காப்பாற்றவில்லை என்று அர்த்தம். நல்லது. வாசிக்கவில்லை என்றால் இன்னும் நல்லது, எனக்குக் கூச்சமில்லாமல் எழுத வரும்.

உங்கள் நாத்தனார் வந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே உங்கள் அறைக் கதவைத் திறந்து பார்த்தார். பிறகு சோபாவின் நடுவில் உட்கார்ந்துகொண்டார். நான் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். நான் துரத்தவில்லை, அவர்களாகவே போனார்கள், இதோ சீட்டு. குழந்தையைக் குளிப்பாட்டும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

ஆனால் அவர் என்னைக் கேட்கவே இல்லை. உங்கள் மகனைப் பார்த்துப் பேசினார்.

“ஏரியாம்ல ஏரி! புருஷன் இல்லாதவ, இந்த வயசுல தனியாப் போய் ரூம் எடுத்துத் தங்குறாளாம். தனியாத்தான் தங்குறாளான்னு யாரு கண்டா? நான் ஒண்ணும் சொல்லல, ஊரு கேக்கும்ல?”

உங்கள் மகன், “அத்தே, விடுங்க” என்றார். அவ்வளவுதான். அவர் காது சிவந்தது, அதை மட்டும் உங்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

குழந்தை என் தோளில் இருந்தாள். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: “நான்தான் துரத்தினேன்.”

“என்னது?”

“ஆமா. திருட்டுத்தனமா கேமரா வச்சேன். வாயத் திறந்து ஒரு வார்த்தை பேச விடல. இருக்கவே முடியாத மாதிரி பண்ணேன், கிளம்பிட்டாங்க. தனியாத்தான் இருக்காங்க. நான் லெட்டர் போட்டு அங்கயும் சண்டை போடுறேன். அட்ரஸ் தரவா, நீங்களும் ஒண்ணு போடுறீங்களா?”

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “நான் அப்பவே சொன்னேன்ல! ஃபோட்டோவப் பாத்தப்பவே சொன்னேன்ல!” என்று எழுந்துவிட்டார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வாசலில் ஆட்டோ வரும்வரைகூடப் பொறுக்காமல், மாடிப்படியிலேயே போனை எடுத்துவிட்டார். இப்போது உங்கள் சொந்தத்தில் என்னை அறியாதவர்களுக்கும் நான் யார் என்று தெரியும். உங்களைப் பற்றிய அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, வேண்டுமானால் அதை நம் பக்கம் திருப்பிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இதைப் பாசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் உங்களைத் திட்ட எனக்கு உரிமை உண்டு. மூன்று வருடம் ஒரே அடுப்படியில் உங்களோடு இடித்துக்கொண்டு நின்றவள் நான். சோபாவில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறவருக்கு அந்த உரிமை கிடையாது.

அவர் போன பிறகு உங்கள் மகன் குழந்தையை வாங்கிக்கொண்டார். விரிப்பை எந்தப் பக்கமாகத் தேய்க்க வேண்டும் என்று கேட்டார். எந்தப் பக்கமானாலும் சூடாகும் என்று சொன்னேன்.

இனி உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். கேமராவை என்னால் எடுக்க முடியாது. எடுத்தால் வேலையில் நிற்க மாட்டேன், என்னை எனக்குத் தெரியும். கரடியை எடுத்துவிட்டேன், கேமரா கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அலமாரியின் நடுவில் இருக்கிறது. ரிப்பேர்க்காரரை வரவழைத்து அதன் ஒலிபெருக்கியையும் மைக்கையும் பிடுங்கச் சொன்னேன். “நல்லா இருக்குற பொருளை ஏம்மா கெடுக்குறீங்க?” என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். இனி அது பேசாது. நீங்கள் பேசுவதும் எனக்குக் கேட்காது. படம் மட்டும் வரும். என்னைப் பற்றி அவளிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

வாருங்கள் என்று கெஞ்ச மாட்டேன். சலிப்பு இன்னும் மிச்சம் இருந்தால் இருந்து முடித்துவிட்டு வாருங்கள், அல்லது வராமலே இருங்கள். என் அலுவலகத்துக்குப் பக்கத்தில் குழந்தைகள் காப்பகம் ஒன்று இருக்கிறது. நேற்று போய்ப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருக்கிறது. நடத்துகிற பெண்மணி நல்ல மாதிரி. ஆனால் பாப்பா அவர் மடியில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தெரியாதவர் வீட்டுக்கு வந்த பெரிய மனுஷி மாதிரி. ஓர் இடம்தான் காலி இருக்கிறதாம். சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ ஒரு வரி எழுதினால் போதும். எதுவானாலும் அதை நான் யாரிடமும் சொல்லிக் குறைபட மாட்டேன், உங்களிடம்தான் வந்து சண்டை போடுவேன்.

சீக்கிரம் பதில் போடுங்கள், அத்தை.

மருமகள்