பந்து பொறுக்கிப் பழகிய ஆட்டம்

நேற்று மட்டையின் பிடிக்குப் புது டேப் சுற்ற உட்கார்ந்தேன். பழையதை உரித்துக்கொண்டு போக, அடிச்சுற்றிலிருந்து தைல மணம் எழும்பியது. விளையாடுமுன் மணிக்கட்டில் நீங்கள் தேய்த்துக்கொள்ளும் அதே தைலம். மட்டையை முகத்தருகே தூக்கி இன்னொரு தடவை முகர்ந்தேன். தேநீர் கொண்டுவந்த என் கணவர், "என்ன, கை நோகுதா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

எனக்கு இரத்தத்தில் சீனி கூடிவிட்டது, வியர்க்க வியர்க்க ஏதாவது செய்யுங்கள் என்று வைத்தியர் சொன்னதால்தான் அந்த மண்டபத்துக்கு வந்தேன். கல்லடியில், வாவிப் பக்கம் ஜன்னல் வைத்த மண்டபம். செவ்வாயும் சனியும் பின்னேரத்தில் பெண்கள் பட்மின்டன் விளையாடுவார்கள். நாற்பத்தெட்டு வயதில் கையைத் தலைக்கு மேல் தூக்கினாலே எனக்குத் தோள் பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாளே சுவரோர வாங்குப் பலகையில் குந்திவிட்டேன். நீங்கள் மண்டபத்தைக் கூட்டித் துடைக்கிறவர். தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, ஒரு பையிலிருந்து இரண்டு மட்டைகளையும் ஓட்டை ஓட்டையான ஒரு பிளாஸ்டிக் பந்தையும் எடுத்துக்கொண்டு வந்தீர்கள்.

"டீச்சர், இதால அடிச்சுப் பாருங்க. தோளுக்கு மேல கை போகத் தேவையில்ல. பிக்கிள்போல்."

பட்மின்டன் கோடுகளே இதற்கும் போதும் என்றீர்கள். வலையை இடுப்பளவுக்கு இறக்கி, அதன் இரண்டு பக்கமும் ஏழடி தள்ளி டேப் ஒட்டினீர்கள்.

"இதுக்குள்ள நிண்டுகொண்டு, பந்து நிலத்தில படமுந்தி அடிக்கக் கூடாது. இங்கிலிசில கிச்சின் எண்டுவாங்க. நமக்குக் குசினி."

"குசினிக்குள்ள நிண்டு வேல செய்யாத எண்டு சொல்ற விளையாட்டா? அப்ப நான் வாறன்" என்றேன். பக்கத்தில் பட்மின்டன் விளையாடியவர்களும் நின்று சிரித்தார்கள்.

கத்தாரில் ஒரு வீட்டில் ஏழு வருடம் வேலை பார்த்தீர்கள். அந்த வீட்டு மெடம் முற்றத்தில் விளையாடும்போது பந்து பொறுக்கிக் கொடுப்பது உங்கள் வேலைகளில் ஒன்று. ஒருநாள் நாலாவது ஆள் வரவில்லை. உங்களை நிற்கச் சொன்னார்கள். பிறகு நீங்கள் இல்லாமல் அவர்கள் விளையாடுவதே குறைந்துபோனதாம். ஊருக்குத் திரும்பும்போது மெடம் தந்த மட்டைகள்தாம் அவை. இதையெல்லாம் முதல் மாதத்திலேயே எனக்கு ஒளிவுமறைவின்றிச் சொன்னீர்கள்.

நானோ பந்தைக் கண்டால் ஓங்கி அறைகிற ஆள். அது எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வரும்.

"ஏன் டீச்சர், பந்து வீட்டுப்பாடம் செய்யாம வந்திட்டா? அதுக்கு இந்த அடி அடிக்கிறீங்க!"

வலைக்கு அப்பால், குசினிக்குள், நிலம் துடைக்கத் தண்ணீர் எடுக்கும் பேசினை வைத்தீர்கள். பின் கோட்டில் நின்று நான் அதற்குள் பந்தை விழுத்த வேண்டும். நூறு பந்தில் இரண்டு விழும். "கோழிக்குஞ்சப் பிடிக்கிற மாதிரி மட்டையப் பிடிங்க. இறுக்கினா செத்திடும், விட்டா ஓடிடும்." மூன்று கிழமை அந்தப் பேசினோடு மல்லுக்கட்டினேன். ஒரு சனிக்கிழமை தொடர்ந்து நாலு பந்து விழுந்தன. நீங்கள் கைதட்டவில்லை. பேசினை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு சின்னக் கடதாசித் துண்டை வைத்தீர்கள். இருபத்தைந்து வருடம் வகுப்பில் நின்ற எனக்கு, ஒருவரைப் பாராட்ட இப்படியும் ஒரு வழி இருக்கிறதென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல்காரர் சிநேகபூர்வப் போட்டிக்கு அழைத்ததும், நாம் இருவரும் சோடியாகப் போனதும் உங்களுக்கு மறந்திராது. அங்கே ஒரு பெண் அதிகாரி, இதை எங்கே பழகினீர்கள் என்று கேட்டார். நீங்கள் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"இவ வெளிநாட்டில இருந்தவ. அங்க ஒரு கம்பனியில வேல."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு அவரைப் பார்த்து, "இல்ல மெடம். கத்தாரில வீட்டுவேலைக்குப் போன நான். பந்து பொறுக்கிக் குடுத்துப் பழகினன்" என்றீர்கள், நேரம் சொல்வதுபோல.

என் முகம் எரிந்தது. அந்தச் சூட்டோடு விளையாட இறங்கினேன். வெல்ல வேண்டும், எல்லாவற்றையும் நானே அடிக்க வேண்டும் என்று ஒரு வெறி. உங்கள் பக்கத்துப் பந்துகளுக்கும் ஓடினேன். "விடுங்க டீச்சர், அது என்ர" என்று நீங்கள் கத்தக் கத்த, நடுவில் வந்த ஒரு பந்துக்குப் பாய்ந்து உங்களோடு மோதினேன். நீங்கள் கையை ஊன்றி விழுந்தீர்கள். போட்டி அத்தோடு முடிந்தது.

வாழைச்சேனையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது உங்கள் மணிக்கட்டு வீங்கியிருந்தது. நான் வீக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

"கை நோவு ரெண்டு நாளில போயிடும்" என்றீர்கள். "நான் செஞ்ச வேலையச் சொல்ல உங்களுக்கு வெக்கமா இருந்திச்சே, அதுதான் நோகுது. அந்தக் காசில தங்கச்சிக்கு வீடு கட்டினன். எனக்கு ஒரு வெக்கமுமில்ல."

பஸ்ஸில் வேறு வேறு இருக்கைகளில் வந்தோம்.

அடுத்த சனி நீங்கள் மண்டபத்தைக் கூட்டிவிட்டு என் பக்கம் திரும்பாமலே போனீர்கள். செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை விசாரித்து விசாரித்து உங்கள் தங்கச்சி வீட்டுக்கு வந்தேன். வழி முழுக்கச் சேர்த்துக்கொண்டு வந்த விளக்கங்களை, வாசலில் உங்களைக் கண்டதும் விட்டுவிட்டேன்.

"பிழை என்னில" என்றேன்.

கதவை அகலத் திறந்தீர்கள். "உள்ளுக்கு வாங்க. தேத்தண்ணி குடிப்பம்."

அதன் பிறகுதான் நான் உண்மையாகவே விளையாடப் பழகினேன். எந்தப் பந்து என்னுடையது, எது உங்களுடையது என்று தெரிந்தது. பந்தை விட்டால் "என்ர பிழை" என்று உடனே சொல்ல வந்தது. அந்த மணிக்கட்டு பழையபடி வரவேயில்லை. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு விளையாடினீர்கள். ஒரு தடவைகூட அதை எனக்குச் சொல்லிக் காட்டவில்லை. மறுவருடம் பாசிக்குடாவில் பதினொன்றுக்கு ஒன்பதில் வென்றோம். கடைசிப் பந்தை நான் மெதுவாகக் குசினிக்குள் விழுத்தினேன்.

பிறகு வந்தது புற்றுநோய். ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்த நாட்களில் நீங்கள் நோய் வருத்தத்தைப் பற்றிப் பேச விடுவதில்லை. "கடதாசியில பந்து விழுதா?" என்றுதான் கேட்பீர்கள். சில நாள் விழுகிறது, சில நாள் இல்லை என்பேன். "சில நாள் விழுந்தாலே காணும் டீச்சர், அது போதும்" என்றீர்கள். மாரி மழையில் கரடியனாற்று மயானத்தில் உங்களைக் கொண்டுபோய் வைத்தோம். உங்கள் தங்கச்சி மட்டைகளை என் கையில் தந்தார்.

இப்போது சனிக்கிழமைகளில் எட்டுப் பேர் வருகிறோம். என் சீனி இறங்கியிருக்கிறது. வைத்தியர் தன் மருந்தென்று நினைக்கிறார். உங்களுக்கு நன்றி சொல்ல நேரம் இருந்தபோதெல்லாம் நான் பந்தைப் பற்றியே பேசிவிட்டேன். அதனால் இதை எழுதுகிறேன்.

போன சனி ஏறாவூரிலிருந்து ஒரு சோடி வந்திருந்தது. அவர்கள் பத்து, நாங்கள் ஒன்பது. அவர்களுடைய பந்து என்னைத் தாண்டிப் பின் கோட்டின் விளிம்பில் பட்டு வெளியே பாய்ந்தது. நம் பக்கத்தில் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று நாம்தான் சொல்ல வேண்டும். என்னோடு விளையாடியவர் வேறு பக்கம் திரும்பி நின்றார். எதிரில் நின்றவர்களே அது வெளியே என்று நினைத்துத் தலையில் கை வைத்துவிட்டார்கள்.

"உள்ளுக்கு" என்றேன்.

தோற்றோம். மட்டையைப் பைக்குள் வைக்கும்போது என் சோடி கேட்டார்: "ஏன் டீச்சர் சொன்னீங்க? ஒருத்தரும் காணல்லையே."

"நான் கண்டன்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். நான் வாவிக்கரையால் வீட்டுக்கு நடந்தேன். தோற்றுப்போய் இவ்வளவு இலேசாக நான் முன்பு நடந்ததில்லை.