ஆமிக்காரி வீட்டுச் சோறு

உன்னுடைய சப்பாத்துச் சோடியைத் திருடியவள் நான்தான். உன் எட்டுச் செலவன்று, எல்லாரும் இலையில் குனிந்திருந்த நேரம் பார்த்து, வீட்டுக்குக் கொண்டுபோக எடுத்துவைத்த வடைப் பைக்குள் அதைத் திணித்துக்கொண்டு படலையைத் தாண்டினேன். அது அரசாங்கச் சாமான், திருப்பிக் கொடுக்கவேண்டியது என்று பிறகுதான் தெரியவந்தது. வடை முழுக்கப் பொலிஷ் மணம். அதையும் ஒன்று விடாமல் தின்றேன்.

இன்று காலை சேலைகளை வெயிலில் போடுவோம் என்று அலுமாரியைத் திறந்தேன். கூறைச் சேலைக்குக் கீழிருந்து அந்த மணம் வந்து மூக்கில் அடித்தது. கறுப்புப் பொலிஷும் உன் கால் வியர்வையும். அறைக் கதவைச் சாத்திவிட்டு, உடுத்திருந்த நைற்றியோடு சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு நாலடி நடந்து பார்த்தேன். எனக்கு இரண்டு அளவு பெரிது. கண்ணாடியில் தெரிந்தவளை ஒரு கோழிக்கூட்டுக்குக் காவல் போட்டாலும் கோழி சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். பொறுக்காவிட்டாலும் இனி நீ என்ன செய்யப்போகிறாய்?

அந்த வேலைக்குப் போனபோது உனக்கு முப்பத்தாறு வயது. உன் கணவர் போரின் கடைசி மாதங்களில் ஷெல் விழுந்து போனவர். மகளுக்கு அப்போது பல்லுக்கூட முளைக்கவில்லை. ஐந்து வருடம் ஊரார் வெங்காயத் தோட்டங்களில் புல்லுப் பிடுங்கி அவளை வளர்த்தாய். உன் கணவரின் தமக்கை, நீ வாய் நிறைய மச்சாள் என்று கூப்பிட்ட மனுசி, ஒருநாள் வந்து பிள்ளையைக் கேட்டா. "உன்னாலை ஏலாது. பிள்ளையை என்னட்டைத் தந்திட்டு நீ எங்கையாவது போய்ப் பிழை" என்றா. கேட்டதோடு நில்லாமல் பிள்ளையின் சட்டைகளை மடித்துப் பைக்குள் வைக்கவும் தொடங்கினா. நீ பையைப் பறித்தாய். அடுத்த மாதம், வயதைப் பார்க்காமல் தமிழ்ப் பெண்களையும் ஆமிக்கு எடுக்கிறார்கள் என்ற கதை வந்தது. நீ போனாய். ஒரு மாதச் சம்பள வேலையைக் காட்டினால் பிள்ளையை யாரும் கேட்கமாட்டார்கள் என்பதுதான் உன் கணக்கு.

நான் சட்டை தைக்கிறவள். மகளோடு தனியாக இருக்கிறவள். என்னுடையவர் பிரான்சில் இருக்கிறார் என்று ஊருக்கு நான் சொல்வது பொய்யில்லை, வேறொருத்தியோடு இருக்கிறார் என்பதைத்தான் சொல்வதில்லை. நீ அந்தப் பச்சை உடுப்பைக் கொண்டுவந்து என் மெசினில் போட்டபோது, கதவைத் தாழ்போட்டுவிட்டு, செத்த எலியைத் தூக்குவதுபோல அதை இரண்டு விரலால் தூக்கினேன்.

"உன்ரை மனுசனைத் திண்ட உடுப்படி உது. உதுக்கு நான் ஊசி போடோணுமோ?"

"ஓம். இடுப்பிலை கொஞ்சம் பிடி. காலிலை இறக்கிவிடு."

"வெக்கமில்லையே உனக்கு?"

"இருந்தது. மச்சாள் பிள்ளையின்ரை சட்டையை மடிச்ச அண்டைக்குப் போயிட்டுது. நீ கத்தாமல் தை. கத்தினா உன்ரை தையல் கோணும்."

கத்திக்கொண்டே தைத்தேன். கோணியது.

பயிற்சிக்கு நீ போன மூன்று மாதமும் உன் பிள்ளை என்னோடு, என் மகளோடு ஒரே பாயில் கிடந்தாள். நீ திரும்பிவந்து என் முற்றத்தில் கையை வீசி, "வம, தகுண, வம, தகுண" என்று நடந்து காட்டினாய். அன்றிலிருந்து இரண்டு பெட்டையளும் கிணற்றடிக்குக் குளிக்கப் போவதென்றாலும் சிங்களத்தில் இடம் வலம் சொல்லித்தான் போனார்கள். துவக்குத் தந்தவங்களோ என்று இரகசியமாகக் கேட்டேன். "துவக்கோ? மரக்கறித் தோட்டத்திலை விட்டிருக்கிறாங்களடி. முந்திச் சீலையோடை புல்லுப் பிடுங்கினன், இப்ப சப்பாத்தோடை பிடுங்கிறன்" என்றாய். அதைச் சொல்லிவிட்டு நீ சிரித்த சிரிப்பில் என் மெசின் மேசை ஆடியது.

ஊர் சிரிக்கவில்லை. "ஆமிக்காரி" என்று பெயர் வைத்தது. கோயிலில் நீ நின்ற பக்கம் வெறுமையானது. ஆனால் நீ ஆமியில் சிங்களம் வாசிக்கப் பழகியிருந்தாய். அரசாங்கக் கந்தோரிலிருந்து சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தால் போதும், பொழுதுபடுகிற நேரம் பார்த்து உன் வேலிப் பொட்டுக்குள்ளால் அதே ஊர் நுழைந்து வரும். "பிள்ளை, உதிலை என்ன கிடக்குது எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லு மோனை." நீயும் வாசித்துச் சொன்னாய். அதற்காக இன்றைக்கும் எனக்கு உன்னில் கோபம். ஒரு கடிதத்தையாவது பிழையாக வாசித்திருக்கலாம். நானென்றால் எல்லாருக்கும் காணி போய்விட்டது என்று வாசித்திருப்பேன்.

பிறகு உன் மகள் பெரியபிள்ளையானாள். வாசல் வாசலாகப் போய்ச் சொன்னாய். ஆராத்தி எடுக்கவேண்டியவ மாமி என்பதால் மச்சாள் வீட்டுக்கு மட்டும் என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். அவ எங்களைப் படலைக்கு உள்ளே விடவில்லை.

"கோவிக்காதை. ஆமிக்காரி வீட்டிலை நாங்கள் கை நனைக்க மாட்டம்."

நீ அப்படியே திரும்பினாய். வரும் வழியில் தக்காளி வாங்கினாய். வருவார்கள் என்று நம்பினாய், விசரி.

சடங்கன்று நூற்றைம்பது பேருக்குச் சமைத்தோம். வாடகைக் கதிரைகளில் காகம் இருந்தது. நகையும் பூவுமாக அலங்காரக் கதிரையில் இருந்த பிள்ளை கேட்டாள், "அம்மா, மாமி இன்னும் வெளிக்கிடேல்லையோ?"

"மாமிக்குக் கால் நோவாம் பிள்ளை."

"மற்ற எல்லாருக்குமோ?"

நான் ஆராத்தித் தட்டைத் தூக்கினேன். பழக்கமில்லாத கை, ஒரு திரி சரிந்து என் சேலைக் கரை கருகியது. உன்னோடு வேலை செய்த நாலு பெண்கள் சேலை உடுத்துக்கொண்டு வந்து, வெட்கப்பட்டு வெட்கப்பட்டுச் சாப்பிட்டார்கள். மிச்சச் சோற்றைப் பின்வளவில் வாழைக்குப் பக்கத்தில் புதைத்தோம். நீதான் மண்வெட்டி பிடித்தாய். காணுமடி என்று நான் சொல்ல, "இன்னும் ஆழமாய் வெட்டோணும். நாய் இழுத்துக்கொண்டு திரிஞ்சா, எவ்வளவு மிஞ்சினதெண்டு சனத்துக்குத் தெரிஞ்சுபோம்" என்றாய். அந்தக் குழிக்குள் அவர்களை நிரைக்கு வைத்து மூடவேண்டும்போல இருந்தது எனக்கு. இப்போதும் இருக்கிறது.

போன மாரிக்கு உனக்கு டெங்குக் காய்ச்சல். ஐந்தாம் நாள் நீ இல்லை.

எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு முழு ஊரும் வந்தது. புதைக்க ஒரு பருக்கை மிஞ்சவில்லை. மச்சாள் மூன்று தரம் சோறு வாங்கினா. கத்தரிக்காய்க்கு உப்புக் காணாது என்றும் சொன்னா. நான் கறிச் சட்டியும் கையுமாக அவ முன்னால் போய் நின்றேன்.

"மச்சாள், கை நனைஞ்சு போச்சே. துவாய் தரட்டோ?"

"செத்த வீட்டிலை ஆரும் உதெல்லாம் பாக்கிறேல்லைப் பிள்ளை."

உன் வீட்டில் அவர்கள் சாப்பிடுவதற்கு நீ சாகவேண்டியிருந்திருக்கிறது, பார். உயிரோடு நீ ஆக்கிப் போட்ட சோற்றில் இருந்த தீட்டு உன்னோடு சேர்ந்து எரிந்துபோனதாம்.

கை கழுவிய ஈரம் காயமுன்னமே அவ உன் மகளின் தோளில் அந்தக் கையை வைத்தா. "பிள்ளை இனி என்னோடை வரட்டும். எங்கடை இரத்தம்." பந்தியே திரும்பிப் பார்த்தது. என் வாய் எதற்கும் பூட்டுப் போடாத வாய் என்று உனக்குத் தெரியும், அன்று அது திறக்கவில்லை. உன் மகள்தான் திறந்தாள். பதினாறு வயது, உன்னுடைய அதே நிமிர்ந்த நிலை.

"மாமி, நான் ஆமிக்காரியின்ரை பிள்ளை. உங்கடை வீட்டிலை கை நனைக்க மாட்டன்."

மச்சாள் கையை எடுத்துவிட்டா. நீ பார்த்திருக்கவேண்டும்.

இப்போது அவள் என் வீட்டில்தான். நான் இதை எழுதுகிற மேசையின் மற்றக் கரையில் கணக்குச் செய்துகொண்டு, "அன்ரி, பேனையாலை மேசையைக் குத்தாதையுங்கோ" என்கிறாள். மாலையில் யாராவது அளவு கொடுக்க வந்து உன் கதையை எடுத்தால், அளவு நாடாவாலேயே அவர்கள் கழுத்தைச் சுற்றலாம்போல இருக்கும். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பிள்ளையும் இந்தக் கோபமும்தான். இரண்டையும் நன்றாகத்தான் வளர்க்கிறேன். ஆனால் சனம் கேட்கும்போது, நான் அப்பவே அவளுக்குச் சொன்னனான், அந்த உடுப்பைத் தொடவே எனக்குக் கை கூசியது என்று ஒரு வரியையும் சேர்த்துத்தான் சொல்லி வருகிறேன்.

உனக்கும் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட கிழமையே, நீ போவதற்கு நாலு நாள் முந்தி, நானும் போய் அந்த வரிசையில் நின்றேன். வயதைப் பார்க்கவில்லை, மனுசன் எங்கே என்றும் கேட்கவில்லை. உயரம் இரண்டங்குலம் காணாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.