மலைப் படத்தில் நான் போட்ட நாமம்

முழங்கால் வலிக்கென்று நம் சின்னவள் புதிதாக ஒரு தைலம் வாங்கி வந்திருக்கிறாள். மூடியைத் திறந்ததும் உங்கள் பெயிண்டில் வருமே, அதே டர்பன்டைன் வாசனை. என் கண்ணில் தண்ணீரைப் பார்த்துவிட்டு, எரிகிறதா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்வது எனக்குப் புதிதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீங்கள் இருந்தவரை ஒரே வீட்டில் இருக்கிறோமே, என்ன பேச வேண்டியிருக்கிறது என்று காலத்தைத் தள்ளிவிட்டோம். நீங்கள் போய்ப் பல வருஷம் ஆன பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சித்தூர் கடைத்தெருவில் போர்டு எழுதுகிறவர் நீங்கள். ஆந்திரா தனி மாநிலம் ஆனதும் கடைக்காரர்கள் வரிசையாகத் தெலுங்கில் போர்டு மாற்றினார்கள். வாரத்தில் ஆறு நாள் உங்களுக்கு எழுத்துதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் திருப்பதிக்கு ரயிலேறிவிடுவீர்கள். சர்ச்சில் என்னைக் கேலி செய்வார்கள், உன் வீட்டுக்காரர் மொட்டை போட்டுக்கொண்டு வரப்போகிறார் என்று. நீங்களோ ஒரு நாளும் மலை ஏறியதில்லை. அடிவாரத்தில் ஒரு புங்கமரத்தடியில் உட்கார்ந்து, இருட்டும்வரை பாறையையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு தடவை என்னையும் கூட்டிப்போனீர்கள். கோவிந்தராஜர் கோயில் கோபுரத்தைக் காட்டினீர்கள். பிறகு அப்படியே கழுத்தைத் திருப்பி, பின்னால் செங்குத்தாக நிற்கிற சிவப்புப் பாறையைப் பார்க்கச் சொன்னீர்கள். கோபுரத்தில் அடுக்கடுக்காக நிலைகள் இருப்பதுபோல் பாறையிலும் இருந்தன. கோபுரத்தில் பொம்மைகள் நிற்கிற இடத்தில் அங்கே புதரும் கோரைப்புல்லும். புறாக்கள் அடைகிற விளிம்புக்குச் சரியாக, பாறை விளிம்பின் அடியில் தேன்கூடுகள். "கோபுரம் கட்டினவன் இதப் பாத்துக்கினுதான் கட்டிகீறான்" என்றீர்கள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற மனுஷன், அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை பேசினீர்கள். எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் உங்களை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே அன்றைக்குத்தான்.

நம் சர்ச்சையும் அப்படித்தான் வரைந்தீர்கள். பலிபீடத்துக்கு மேலே இருக்கிற வளைவை, இரண்டு புளியமரம் கிளை கோத்து நிற்பதுபோலப் போட்டிருந்தீர்கள். போதகர் படத்தைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்லாயிருக்கு என்று சொல்லிப் போய்விட்டார்.

திருப்பதியில் சாமி படம் விற்கிற ஒரு கடைக்காரர் உங்களை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மலைப் படத்தில் ஒரு நாமம் மட்டும் போட்டுக் கொடுத்தால் எத்தனை கொடுத்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்று. நீங்கள் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால். "நான் கும்பிடாதத நான் வரைஞ்சா, கும்பிடறவனுக்கும் அது பொய்யி" என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள்.

எல்லை எங்கே என்பதுதான் அந்த வருஷங்களில் ஊர் முழுக்கப் பேச்சு. கடைசியில் திருத்தணி அந்தப் பக்கம், சித்தூர் இந்தப் பக்கம் என்று தீர்ந்தது. பந்தலில் தூங்குகிறவனைச் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். அந்தச் சமயத்தில்தான் மதராஸிலிருந்து கடிதம் வந்தது. ஒரு ஓவியப் பள்ளிக்கூடத்தில் உதவிக்கு ஆள் வேண்டும், மூன்று படம் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வாருங்கள் என்று. மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து மூன்று மலைப் படம் வரைந்து வைத்திருந்தீர்கள். இனி செத்தாலும் போர்டு எழுத மாட்டேன் என்று என்னிடம் சொன்னீர்கள்.

சனிக்கிழமை காலை நீங்கள் ஊர்க்கோடி ரைஸ்மில்லில் பாக்கி இருந்த நாலு எழுத்தை முடிக்கப் போயிருந்தபோது அந்தத் திருப்பதிக் கடைக்காரர் வந்தார். சுவரில் சாய்த்திருந்த மூன்றையும் வெகுநேரம் பார்த்தார். "கொண்ட பாகுந்தம்மா, ரொம்ப பாகுந்தி. சாமி எங்க?" என்றார். மலை நன்றாகத்தான் இருக்கிறது, சாமியைத்தான் காணோம் என்று. சாயங்காலம் வாருங்கள், சாமி இருப்பார் என்றேன்.

அவர் தெருமுனை தாண்டுவதற்குள் உங்கள் வெள்ளையையும் சிவப்பையும் எடுத்துவிட்டேன். கோலம்கூடப் போட்டுப் பழகாத கை என்னுடையது. மூன்று படத்திலும் பாறை நடுவில் நாமம் போட்டேன். மூன்றும் கோணல்.

மத்தியானம் வந்தீர்கள். வாசலிலேயே நின்றுவிட்டீர்கள். யார் போட்டது என்று கேட்கவில்லை, என் முந்தானையெல்லாம் சிவப்பு. "வூட்ல ஒரு மணி அரிசி இல்லிங்க. பசங்களுக்கு இன்னாத்தப் போடறது?" என்றேன். டர்பன்டைன் துணியைக் கையில் எடுத்தீர்கள். பெயிண்ட் காயவில்லை. ஒரு துடைப்பில் போயிருக்கும். துடைத்துவிடுவீர்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

துணியின் நுனியால் ஓரத்தில் வழிந்ததை மட்டும் துடைத்தீர்கள். சின்னப் பிரஷ்ஷை எடுத்து, கோட்டை நேராக்கினீர்கள். "கோணலா கீது மே. கும்பிடறவங்க மனசு நோவும்" என்றீர்கள். மூன்றையும் சரி செய்தீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு நம் வீட்டில் எழவே இல்லை.

சாயங்காலம் கடைக்காரர் வந்து மூன்றையும் எடுத்துப்போனார். திங்கட்கிழமை ரயில் நாம் இல்லாமல் போனது. மாதாமாதம் அவருடைய ஆள் வந்து படம் எடுத்துப்போனான். நாமம் பெரிதாகிக்கொண்டே வந்தது, பாறை சிறுத்துக்கொண்டே போனது. தேன்கூடு முதலில் போயிற்று, பிறகு புல் போயிற்று. நமக்கு இருந்தது ஒரே அறை. நாலு சுவரிலும் காய்கிற படங்கள். சோறு வடிப்பது, பிள்ளைகளைத் தூங்கவைப்பது எல்லாம் அதற்கு நடுவில்தான். பக்கத்தில் நீங்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்து நாமம் போட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்களைச் சட்டம் போட்டு ஆணி அடித்தது நான். அடித்துவிட்டு நானும் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டேன். ஒரு கல்யாணத்துக்காகத் திருப்பதிக்குப் போனபோது, மலை தெரிகிற பக்கத்து ஜன்னலில் இடம் காலியாக இருந்தும், எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். நான் பார்க்காததுபோல இருந்தேன்.

இப்போது சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு வீட்டில் அரிசி இருந்தது. கங்காதர நெல்லூரிலிருந்து அண்ணன் வியாழக்கிழமையே ஒரு மூட்டை கொடுத்து அனுப்பியிருந்தார். கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே பழைய சாக்கைப் போட்டு வைத்திருந்தேன். எனக்கு மதராஸ் போகப் பயம். பயம்கூட இல்லை, நம் மூத்தவளைச் சர்ச் கல்லறைத் தோட்டத்தில் வைத்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவளை இங்கே விட்டுவிட்டு ரயிலேற என்னால் முடியவில்லை. இதை உங்களிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், சரி இருந்துவிடலாம் என்பீர்களோ, இல்லை நான் மட்டும் போகிறேன் என்பீர்களோ, இரண்டையும் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆனால் என்னை இத்தனை காலமாகத் தூங்கவிடாதது நான் சொன்ன பொய் இல்லை. நாமத்தைச் சரி செய்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தீர்கள். ஏதோ நினைப்பில், பழக்கத்தில், நான் தட்டு வைத்துச் சோறு போட்டுவிட்டேன். ஆவி பறக்கிற புதுச் சோறு. போட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே உறைத்தது. நீங்கள் தட்டைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். பிறகு குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தீர்கள்.

உங்களுக்கும் அவளை விட்டுப் போக மனசில்லையா, இல்லை எனக்காக அந்த நிமிஷமே எல்லாவற்றையும் விட்டுவிட்டீர்களா? எது என்று தெரிந்தால் ஒன்று அழுது தீர்ப்பேன், இல்லையென்றால் நிம்மதியாக இருப்பேன். அரிசி எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லை. தட்டை என் பக்கம் நகர்த்தி, "இன்னும் கொஞ்சம் போடு மே" என்றீர்கள், போட்டேன்.