பதினான்கும் பார்த்துக் கட்டிய குதிரை

இன்று காலை நம் சரக்குக் கொட்டகையில் குதிரை வேகன் ஒன்றைத் திறந்தார்கள். இரவெல்லாம் நின்றபடியே சிங்கப்பூரிலிருந்து வந்த பந்தயக் குதிரைகள். காய்ந்த புல்லும் மூத்திரமும் ஈர முடியும் கலந்த வாடை குப்பென்று அடித்ததும் மூட்டை தூக்குகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் போட்ட கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். நீ இருந்திருந்தால் எனக்கு முன்னால் போய் நின்றிருப்பாய், எந்தக் குதிரை இறங்கியதும் தண்ணீர் குடிக்கிறது என்று பார்ப்பதற்கு. செம்பட்டைக் குதிரை ஒன்று வாளியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நாம் இருவரும் ஒரே அறையில் இருந்த காலம் நினைவிருக்கிறதா? கணக்கெழுதும் ரயில்வே கிராணிகள் இரண்டு பேருக்கு ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு குடை. கலியாணம் முடித்த கையோடு மனைவியை நாகப்பட்டினத்தில் விட்டுவிட்டு வந்தவன் நீ. விட்டுவிட்டு வருவதற்குக்கூட எனக்கு ஆள் கிடையாது. பந்தய நாளில் சட்டைக்குக் கஞ்சி போட்டு மாட்டிக்கொண்டு அம்பாங் சாலைத் திடலுக்கு நடந்தே போவோம். ரிக்‌ஷாவில் போனால் யோசிக்க நேரம் போதாது என்பாய்.

ஆரம்பத்தில் நீ நாலு விஷயம்தான் பார்த்தாய். போன தடவை எப்படி ஓடியது, முதுகில் எவ்வளவு எடை, ஓட்டுகிறவன் யார், நனைந்த தரையில் ஓடிப் பழக்கம் உண்டா. அதோடு நிறுத்தியிருக்கலாம். உனக்குத்தான் எதிலும் மனசு ஆறாதே! குதிரையின் வயசு வந்து சேர்ந்தது. எத்தனை நாள் ஓய்வு எடுத்தது என்பது சேர்ந்தது. நடத்திக் காட்டும் வட்டத்தில் வேர்க்கிறதா, வாலை வீசுகிறதா, குதிரைக்காரன் முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்றெல்லாம் சேர்ந்துகொண்டே போயிற்று. கடைசியாக ரயில் பயணம். வேகனிலிருந்து இறங்கித் தண்ணீர் குடிக்காத குதிரை அந்த வாரம் ஓடாது என்று கண்டுபிடித்தாய். கோலாலம்பூரில் வேறு எவனுக்கும் தெரியாத சங்கதி என்று உனக்கு ஒரே பெருமை. ஆக மொத்தம் பதினான்கு.

பலன்தான் நமக்குத் தெரியுமே. டிக்கெட் ஜன்னலுக்கு எதிரில் நின்றுகொண்டு நீ விரல் மடக்கிக்கொண்டிருப்பாய். பன்னிரண்டாவது விஷயத்துக்கு வரும்போது பெரும்பாலும் மணி அடித்து ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். நானோ குதிரையின் காது விறைப்பாக நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக் கட்டிவிட்டு வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பேன்.

"காதப் பாத்துக் கட்டுறவன்லாம் பேசாத லா" என்பாய்.

"கட்டாதவனுக்கு என்ன பேச்சு?" என்பேன் நான்.

சிரித்துக்கொண்டேதான் வீடு திரும்புவோம். ஆனால் அறைக்கு வந்து, ஊரிலிருந்து கடிதம் வந்திருந்தால் உன் சிரிப்பு போய்விடும். உன் மனைவியை எப்போது அழைத்துக்கொள்ளப் போகிறாய் என்று அவள் அண்ணன் எழுதியிருப்பார். இங்கே மலேரியாக் காய்ச்சல் அதிகம் என்பாய். குடும்பத்துக்கான குவார்ட்டர்ஸ் கிடைக்கட்டும் என்பாய். அதற்கு உத்தரவு வந்ததும், பரீட்சை எழுதிச் சம்பளம் கூடட்டும் என்றாய். அதுவும் கூடியது. பிறகு கடல் கொந்தளிக்கும் மாசம், உன் அம்மாவின் முழங்கால், இங்கத்துப் பால் சரியில்லை என்று ஒன்று மாற்றி ஒன்று. "எல்லாம் ஒத்து வரட்டும்டா" என்று படுத்துவிடுவாய். நீ தூங்கவில்லை என்பது உன் கட்டில் சத்தத்திலேயே எனக்குத் தெரியும். அவள் உன் வாழ்க்கையை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டிருந்தாள். நீ விரல் மடக்கிக்கொண்டிருந்தாய்.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை வந்தது. கறுப்புக் குதிரை, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. உன் பதினான்கும் ஒத்து வந்த ஒரே குதிரை அதுதான். வாளித் தண்ணீரை அது உறிஞ்சிக் குடித்ததை நீ எனக்கு நடித்தே காட்டினாய். மணி அடிப்பதற்கு வெகு முன்னாலேயே ஜன்னலில் நின்றாய். அன்றுதான் முதல் தடவையாக நீ விரல் மடக்கவில்லை. கட்டிவிட்டு வந்து என் தோளில் தட்டி, "இது தோக்க வழியே இல்ல" என்றாய்.

கொடி இறங்கியது. உன் கறுப்புக் குதிரை நல்ல பிள்ளையாகத்தான் கிளம்பியது. முதல் வளைவில் நடுவில் இருந்தது. அடுத்த வளைவில் தேடவேண்டியிருந்தது. கடைசியில், கால் பிசகிய கிழட்டுக் குதிரை ஒன்றை மட்டும் பின்னால் விட்டுவிட்டு வந்து சேர்ந்தது. நான் சிரிக்க வாயெடுத்தேன். உன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. சீனன் காப்பிக் கடையில் ஒதுங்கினோம். காப்பி வந்ததும் நீயே பேசினாய்.

"நாலு பாத்தப்பவும் ஏதோ அப்பப்ப ஜெயிச்சேன். பதினாலு பாத்தப்பவும் அவ்வளவுதான்டா. ஜெயிக்கிறது ஒண்ணும் கூடல. நம்பிக்கைதான் கூடிப்போச்சு. முன்னாடி பயந்து பயந்து கட்டுவேன். இன்னிக்குக் கண்ண மூடிக்கிட்டுக் கட்டினேன்."

எனக்கு அதுவரை இல்லாத தைரியம் எங்கிருந்து வந்ததோ, கேட்டுவிட்டேன். "சரி, உன் வீட்டுக்காரி விஷயத்துல இத்தன யோசிக்கிறியே. அவளுக்கு இங்க வர இஷ்டமான்னு கேட்டியா?"

நீ என்னைப் பார்த்தாய். காப்பியைப் பார்த்தாய். காய்ச்சல், குவார்ட்டர்ஸ், பால், கடல், முழங்கால் என்று உலகத்தையே சேர்த்தவன், அவளைச் சேர்க்கவே இல்லை. உனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். "கேக்கலடா" என்று மட்டும் சொன்னாய். உன்மேல் எனக்கு இருந்த பிரியம் அந்த ஒரு சொல்லில் இரட்டிப்பாயிற்று.

அடுத்த தபாலிலேயே அவளைக் கேட்டு எழுதினாய். அவள் முதல் தடவையாகத் தன் கையாலேயே பதில் எழுதியிருந்தாள். ஒரே வரி. பெட்டி கட்டி எத்தனையோ நாளாகிறது, கப்பல் டிக்கெட்டை மட்டும் அனுப்புங்கள் என்று. அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கு நானும் வந்தேன். கிள்ளான் தாண்டும்வரை, மழை வருமா, அவளுக்குக் கப்பலில் தலை சுற்றியிருக்குமா என்று புலம்பித் தள்ளினாய். இறங்கி வந்தவள் உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன இப்படி இளைச்சுப் போயிட்டீங்க?" என்றாள். அவ்வளவுதான், நீ தொலைந்தாய்.

அதன்பின் பந்தயத்தில் பழைய நாலோடு நிறுத்திக்கொண்டாய். தோற்பது குறையவில்லை, ஆனால் சீக்கிரம் வீடு திரும்பினாய். மிச்சப் பத்தையும் பாசார் சந்தையில் மீன் வாங்கும்போது பயன்படுத்தினாய் என்று, எனக்குத் தங்கச்சி ஆகிவிட்ட உன் மனைவி என்னிடம் புகார் சொல்வாள். மகள் பிறந்தாள். உன் வீட்டுச் சாப்பாட்டில் எனக்கும் சதை போட்டது. அந்தச் சில வருஷங்கள் நீ சந்தோஷமாக இருந்தாய். என் கண்ணால் பார்த்தேன்.

காய்ச்சல் வரும் வரும் என்று பயந்தாயே, வந்தது. அவளுக்கு வரவில்லை, உனக்கு வந்தது.

நீ போனபின் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அவள் அண்ணன் ஊருக்கு வரச் சொல்லி எழுதினார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. போன ஞாயிறு அவளிடம் போய் உட்கார்ந்து, உன்னைப்போலவே விரல் மடக்கிச் சொன்னேன். அங்கே சொந்தபந்தம் உண்டு, சொந்த வீடு உண்டு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. சொல்லிக்கொண்டே போனவன் பாதியில் நிறுத்தினேன்.

"நீ என்னம்மா நினைக்கிற?" என்றேன்.

"இங்கயே இருக்கேண்ணே" என்றாள் சட்டென்று. "இது அவரு என்னைக் கேட்டுக் கூப்பிட்ட ஊரு. நாலு கிராணிங்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டாக்கூடப் பொழைச்சுக்குவேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் முன்னாலேயே அழுதேன். அவள் எழுந்து போய்க் காப்பி போட்டாள்.

என் வீட்டிலிருந்து இரண்டு வாசல் தள்ளி ஓர் அறை பார்த்துக் கொடுத்திருக்கிறேன். நேற்று சாயங்காலம் மாறினார்கள். பெட்டியும் பாத்திரமும் ரிக்‌ஷாவில் போயின, தங்கச்சி அதன் பக்கத்திலேயே நடந்தாள். உன் மகள் நடக்கமாட்டேன் என்று அடம்பிடித்தாள். தூக்கிக்கொண்டேன். தண்டவாளத்தைத் தாண்டுவதற்குள் என் தோளில் தூங்கிப்போனாள். நல்ல கனம்டா உன் பிள்ளை. கை வலித்தது. அறை வந்த பிறகும் அவளை இறக்க எனக்கு மனசு வரவில்லை.