முகத்துவாரத்தில் இருபது சிப்பி

பிப்ரவரி 2

எந்த வருஷம் என்று, சிப்பியை ஆராய வந்திருக்கும் ஆராய்ச்சியம்மா கேட்டார். வருஷத்துக்கு எண் எனக்குத் தெரியாது. பெரிய பாலத்துக்கு முதல் தூண் இறக்கியது, புயலில் பள்ளிக்கூடத்துக் கூரை பறந்துபோய்த் தபால் நிலைய வாசலில் விழுந்தது, அப்பா முதன்முதலாக மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு நாள் எல்லாரையும் முறைத்தபடி திரிந்தது — மூன்றும் ஒரே வருஷம். "போதும் ஐயா, பாலத்துல தேதி பொறிச்சிருக்கும்" என்று அவர் எழுதிக்கொண்டார்.

அந்த வருஷம்தான் உப்பங்கழியிலிருந்து படகு நிறையச் சிப்பியோடு வந்தபோது காற்று திரும்பியது. மூழ்காமல் தப்பிக்க, மொத்தத்தையும் முகத்துவாரத்துக் கல்திட்டில் கொட்டினோம். இரண்டு வருஷத்தில் அங்கே கால் வைக்க இடமில்லாமல் சிப்பி. பிறகு கப்பலுக்கு வழி ஆழப்படுத்துகிறோம் என்று சிப்பியை வாரி எடுத்துப் போனார்கள், கல்லை மணல் மூடிவிட்டது. இப்போது மறுபடியும் சிப்பித் திட்டை உண்டாக்கப் போகிறார்களாம்!

நான் சொல்கிறேன், தங்கச்சி எழுதுகிறாள். எழுபது தாண்டியும் வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர். நான் 'வந்துச்சு' என்றால் 'வந்தது' என்று திருத்துகிறாள். எட்டாம் வகுப்பு வரை படித்த திமிர்.

பிப்ரவரி 5

மீன்வளத்துறை அதிகாரியின் மேஜையில் இரண்டு சிப்பி. ஒன்று முகத்துவாரத்து மணலில் தோண்டி எடுத்த பழைய ஓடு: குட்டை, அகலம், கனம். மற்றது உப்பங்கழியில் இன்று பறித்தது: விரல் மாதிரி நீளம், மெல்லிசு.

"ரெண்டும் வேற வேற வகை. குட்டை வகை இங்க அழிஞ்சுபோச்சு பெரியவரே. ஜூன் பத்தாம் தேதி வெளியிலேருந்து குட்டை வகைக் குஞ்சு லாரியில வருது."

எனக்குக் காது சூடாகிவிட்டது. "ஐயா, ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ளைங்க. நீளமா இருக்கறது ஒண்டுக்குடித்தனத்துல நெருக்கியடிச்சு வளந்தது. குட்டை, அலையில அடிபட்டு உடம்பு தேத்தினது. நாங்க கொட்டினது நீளம். அங்க போய் அகலமாயிடுச்சு."

"ஆதாரம்?"

"என் கண்ணு."

"கண்ணை ஃபைல்ல வைக்க முடியாதே!"

வெளியே வந்ததும் ஆராய்ச்சியம்மா சொன்னார்: வெளிக்குஞ்சு வந்தால் அதன் நோயும் கூட வரும், உப்பங்கழியில் மிஞ்சியிருப்பதும் போய்விடும். "நீங்க சொல்றது நிஜமா இருந்தா காட்டிடலாம். நாலு மாசம் இருக்கு."

நிஜமா இருந்தாவாம்!

பிப்ரவரி 9

நாற்பது சிப்பி, எல்லாம் உப்பங்கழியில் எடுத்த நீளச் சிப்பி. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அரத்தால் ஒரு கீறல். இனி வளர்வதெல்லாம் கீறலுக்கு அப்பால் தெரியும். இருபதைக் கூடையில் போட்டு முகத்துவாரத்துக் கம்பத்தில் தொங்கவிட்டோம். மீதி இருபது உப்பங்கழியிலேயே. "அதெதுக்கும்மா?" என்றேன். "இல்லாட்டி வெயில்ல மாறிடுச்சு, மழையில மாறிடுச்சுன்னு சொல்லுவாங்க" என்றார். கெட்டிக்காரி.

பிப்ரவரி 10

போய்த் தூக்கிப் பார்த்தேன். இருபதும் இருக்கின்றன.

பிப்ரவரி 11

இருக்கின்றன.

பிப்ரவரி 14

"என்ன அண்ணே, நடக்க ஆரம்பிச்சிருச்சா? பேச்சு வந்துருச்சா?" என்கிறாள் வாலு. சிரிக்கட்டும். நாளைக்கும் போவேன்.

மார்ச் 1

மானம் போச்சு.

உப்பங்கழிக் கூடையில் எல்லாம் வளர்ந்திருக்கின்றன. முகத்துவாரக் கூடையில் மூன்று செத்துவிட்டன, மற்றவை அரைக்கால் நகம்கூட வளரவில்லை. ஆராய்ச்சியம்மா கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதை யாராவது தினமும் தூக்கறாங்களா?" என்றார்.

நான் வானத்தைப் பார்த்தேன்.

சிப்பி நூல் விட்டுத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு தடவை தூக்கி உதறும்போதும் அந்த நூல் அறுகிறது. மறுபடி நூல் விடுவதற்கே அதன் தெம்பெல்லாம் செலவு. எனக்குத் தெரியாதா? இந்தக் கையாலே எத்தனை லட்சம் பிய்த்திருக்கிறேன்! ஆசையில் புத்தி மழுங்கிவிட்டது. மூன்று வாரம் வீண். என் பேச்சைப் பொய்யாக்க நானே வேலை பார்த்திருக்கிறேன்.

அவர் திட்டியிருந்தால் தேவலை. "மே இருபது வரைக்கும் தொடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 2

பாலத்தின் மேல் நின்று பார்த்தேன். பார்ப்பது தொடுவது ஆகாது.

மார்ச் 19

பாலத்தில் காவல்காரர் கேட்டார், "பெரியவரே, குதிக்கற யோசனை ஏதும் இல்லையே?" சிப்பி வளர்வதைப் பார்க்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு இன்னும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

ஏப்ரல் 11

பெரிய அலை. கூடை இருக்கிறதா? கயிறு தெரிகிறது. கூடை?

ஏப்ரல் 12

இருக்கிறது.

மே 20

வாலு, திருத்தாம எழுது. நான் சொல்றபடியே எழுது.

மாறிருச்சு! பதினேழும் மாறிருச்சு! தூக்கினப்பவே கை சொல்லிருச்சு, அந்தக் கனம்! ஆராய்ச்சியம்மா ஒண்ணைத் துடைச்சு வெயில்ல பிடிச்சாங்க. கீறலுக்கு இந்தப் பக்கம் விரல் மாதிரி மெல்லிசு. அந்தப் பக்கம் ஓரம் அப்படியே விரிஞ்சு, கெட்டியா, பாவாடை சுத்தினாப்பல! ஒரே ஓட்டுல ரெண்டு உருவம். நான் அன்னிக்குப் பாத்தது இதேதான். உப்பங்கழிக் கூடையில ஒண்ணுகூட மாறலை, விரல் விரலாவே இருக்கு.

ஆராய்ச்சியம்மா படகிலே எழுந்து குதிச்சாங்க. "உக்காரும்மா, கவுந்துரும்!"னு கத்தினேன். அப்புறம் பாத்தா நானும் நின்னுக்கிட்டு இருக்கேன்.

மே 27

அதிகாரி பூதக்கண்ணாடி வைத்துப் பதினேழையும் பார்த்தார். டீ ஆறிப்போனது, அவர் கவனிக்கவில்லை. கடைசியில் தொலைபேசியை எடுத்து லாரி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நம் சிப்பியையே நம் முகத்துவாரத்தில் விதைக்கலாம்!

சந்தோஷத்தில் நான் எழுந்தேன். "உக்காருங்க" என்றார். எங்கே விதைப்பது? நான் காட்டும் இடம் அவருடைய வரைபடத்தில் வெறும் மணல். மணலில் விதைத்தால் புதைந்துபோகும். அடியில் கல்திட்டு இருக்கிறது, அங்கே கொட்டிய சிப்பி விளைந்தது என்று, அன்றைக்குப் படகில் இருந்து பார்த்த இரண்டு பேர் எழுதிக் கொடுத்தால் அங்கே. இல்லையென்றால் தெற்கே தடுப்புச் சுவர் ஓரம். அங்கே அலையே கிடையாது. அங்கே போட்டு என்ன பிரயோஜனம்?

"ரெண்டு பேரா?"

"உங்களைச் சேத்துத்தான். நாளை சாயங்காலத்துக்குள்ள."

மே 28

விடிந்ததிலிருந்து விரல் மடக்கிக்கொண்டிருக்கிறேன். எழுது வாலு. அன்றைக்குப் படகில் இருந்தவர்கள்.

அப்பா. பாலம் திறந்த மறுவருஷமே போய்விட்டார். பெரியண்ணன், தண்ணீர்ப் பஞ்சத்து வருஷம். சித்தப்பா, பெரியண்ணன் காரியம் முடிந்த பதினெட்டாம் நாள். துடுப்புப் போட்ட சீட்டி, எப்போது பார்த்தாலும் சீட்டியடிப்பானே அவன், கப்பல் வேலைக்குப் போனான், செய்தி மட்டும் வந்தது. அப்புறம் நான். மடங்காமல் மிஞ்சியது ஒரே ஒரு கட்டைவிரல்.

அவ்வளவுதான். தெக்குப் பக்கமே போட்டுக்கங்கன்னு எழுதிடு.

பேனா நகரவில்லை.

"தண்ணி இறைச்சது யாரு?" என்றாள்.

"எப்போ?"

"படகு மூழ்கறப்போ. நீங்க நாலு ஆம்பளைங்களும் அப்பாகூட நின்னு, கொட்டலாமா வேணாமான்னு சண்டை போட்டுக்கிட்டு இருந்தீங்களே. அப்போ."

நாலு பேர்... அப்பாவோடு சேர்த்து அஞ்சு... கீழே தகர டப்பா... கடவுளே.

வாலுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. வீட்டில் விட்டுவர ஆளில்லை என்று அப்பா கூட்டி வந்திருந்தார். டப்பாவை வீசிவிட்டு முதல் கூடையைக் கவிழ்த்தது அவள். அடிக்க ஓங்கிய அப்பாவின் கை அப்படியே நின்றது, அதற்குப் பிறகுதான் நாங்கள் கொட்டினோம். திட்டு நிறையச் சிப்பி விளைந்தபோது தண்ணீர் வற்றிய நேரத்தில் என் பின்னாலேயே நடந்து வந்து குதிகால் கிழித்துக்கொண்டதும் அவள்தான். அறுபது வருஷமாக இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! ஒரு தடவைகூட இவள் அதில் இல்லை.

"இத்தனை நாள் ஏன் சொல்லலை?"

"நீதான் பெரிய ஞாபகசக்திக்காரன் ஆச்சே. நீயே சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவள் தாளை நேராக்கிக்கொண்டு, "சாயங்காலம் ஆகுது அண்ணே. எழுதவா?" என்றாள்.

எழுது. இரண்டாவது ஆள்: முதல் கூடையைக் கவிழ்த்தவள், கையெழுத்துப் போடத் தெரிந்தவள், உயிரோடு இருப்பவள், என் தங்கச்சி வாலு.