வரிசையில் நிற்கிற பூனை

2007 ஜூலை 1, ஞாயிறு

குளியலறை மறுபடியும் மீன் நாற்றம். மீன்பிடிப் பூனைக் குட்டிக்கு இன்றோடு மூன்று மாதம். வனவிலங்கு நிலையத்துப் பாயிஸின் இனப்பெருக்கக் கூண்டில் பிறந்தது. தாய் பால் கொடுக்க மறுத்ததால், விலங்கியல் படிப்பிக்கிற என் தலையில் கட்டிவிட்டான். டிசம்பரில் கொழும்புக்குப் பக்கத்து அத்திடிய சதுப்பில் விடவேண்டும். பெயர் வைக்கக்கூடாது, கொஞ்சக்கூடாது, மனிதரைக் கண்டால் அது ஓடவேண்டும். ஓடாவிட்டால் ஆயுள் முழுக்கக் கூண்டுதான்.

இவர் (கட்டின புருஷன், பெயர் வரதராசா) கதவிடுக்கால் கேட்கிறார்: "என்ன குஞ்சு, சாப்பிட்டியளோ?" என்னை ஒருநாள் அப்படிக் கேட்டதுண்டா?

ஜூலை 12

விடியவே இராணுவச் சோதனை; கொழும்பில் தமிழர் வீடென்றால் தப்பாது. வழக்கம்போல அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டுமாகக் கூடத்தில் வரிசையாக நின்றோம். குளியலறையைத் திறந்தார்கள். குட்டி நிதானமாக வந்து இவருக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்தது. ஆமிக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். அதையும் பொலிஸில் பதிந்தாயிற்றா என்று சிங்களத்தில் கேட்டான்.

ஆகஸ்ட் 20

வெள்ளவத்தையில் இப்போது அடிக்கடி சோதனை. கதவு தட்டினால் எங்களுக்கு முன்னமே அது வந்து தன் இடத்தில் இருக்கிறது. இவருக்குப் பெருமை. எனக்கோ கூண்டுதான் கண்ணில் தெரிகிறது.

செப்டெம்பர் 16

பாயிஸ் பரீட்சை வைத்தான். தொட்டியில் உயிர்மீன் விட்டான். ஒரே பாய்ச்சல், பிடித்துவிட்டது. பிறகு ஆமிக்காரனைப்போலச் சப்பாத்துக் காலோடு வந்து கதவைத் தட்டினான். வந்து உட்கார்ந்தது.

"மெடம், இது காட்டுக்குப் போற மிருகமா, அடையாள அட்டை எடுக்கப் போற ஆளா?"

கடைசியாக ஒரு தவணை தந்திருக்கிறான். அதிலும் தவறினால் கூண்டு.

செப்டெம்பர் 23

புதுப் பயிற்சி. இவர் வெளியே நின்று தட்டுவார், சட்டியை அடிப்பார், கத்துவார். நான் குசினிக்குள் அடுப்படிக்கு ஓடிக் காட்டவேண்டும். பிறகு ஆள் மாறி அவர் ஓடுவார். அது எங்கள் இருவரையும் பார்த்துக் கொட்டாவி விட்டது.

ஒக்டோபர் 9

இன்றைக்கு ஓடியது! கட்டிலுக்கடியில் போய்ச் சீறியது. நான் அழுதேவிட்டேன்.

இவர் மட்டும் முகம் வாடிப்போய்: "கௌரி, எனக்கும் கால் பழகிட்டுது. உண்மையா வரேக்க நானும் ஓடிட்டனெண்டா? சுட்டுப்போடுவாங்களப்பா."

ஐயோ, இதை நான் யோசிக்கவேயில்லையே. நாளையிலிருந்து ஓடுவது நான் மட்டும். எனக்கு மட்டும் என்ன, இரும்புக் காலா?

நவம்பர் 30

சோதனை. அது ஓடி ஒளிந்தது. நாங்கள் ஓடவில்லை. இவர் ஓடாமலிருக்க ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டிசம்பர் 9, ஞாயிறு

அத்திடிய. பொழுது சாய்கிற நேரம் பாயிஸும் நாங்களுமாகப் பெட்டியைத் திறந்தோம். வெளியே வந்தது, போகவில்லை. இவரையே பார்த்துக்கொண்டு நின்றது. "போங்கோ குஞ்சு," என்றார் இவர். அது இன்னும் கிட்ட வந்தது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போதுதான் அணைக்கட்டுப் பக்கமிருந்து இரண்டு ஆமிக்காரர் "கவ்த?" (யாரது?) என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு வந்தார்கள்.

ஒரே பாய்ச்சல். நாணல் ஆடியது, தண்ணீர் தெறித்தது, ஆள் இல்லை.

"பாஸாகிட்டு மெடம்!" என்றான் பாயிஸ்.

நான் திரும்பி இவரைப் பார்த்தேன். யாரும் சொல்லாமலே நாங்கள் இருவரும் சேற்றில் வரிசையாக, அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தோம். நடுவில் அது வழக்கமாக உட்காரும் இடத்தைக் காலியாக விட்டு.