அழித்தாலும் திரும்பி வரும் சீட்டு

ஜூன் 11, செவ்வாய்

இது யார் கையில் கிடைத்தாலும் சரி, கெஞ்சிக் கேட்கிறேன், இந்த வரியோடு மூடிவிடுங்கள். யாருக்கும் காட்டாதீர்கள். அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருக்கும்.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து பள்ளி நூலகத்துக்கு ஒரு செயலி செய்கிறோம். அடுத்த மாதம் போட்டி. எழுதும் கோட் எல்லாம் ரெப்போ என்ற ஆன்லைன் பெட்டகத்தில் இருக்கும். யாருக்கு என்ன வேலை என்பது ஆன்லைன் பலகையில் மஞ்சள் சீட்டுகளாக இருக்கும். கம்ப்யூட்டர் மிஸ் தினமும் காலையில் அந்தப் பலகையை லேப் சுவரில் பெரிதாகக் காட்டுவார். இரண்டையும் இணைக்கும் நிரலை நான்தான் எழுதினேன். அதற்குப் பெயர் ‘பாலம்’. ரெப்போவில் ஒரு கோப்பு. அதில் ஒரு வரி சேர்த்தால் பலகையில் ஒரு சீட்டு தானாக ஒட்டிக்கொள்ளும்.

நேற்றிரவு அதைச் சோதித்துப் பார்த்தேன். ஏதாவது ஒரு வரி வேண்டுமே. ‘கொசு பக்கத்தில் வந்தால் கோழிக்கடை நாற்றம்’ என்று தட்டினேன்.

ஏன் அப்படித் தட்டினேன்? சும்மா. சிரிப்புக்கு. சோதனைப் பலகையில் நான் மட்டும்தான் பார்ப்பேன் என்று.

நிரலில் பலகையின் எண்ணைச் சோதனைப் பலகைக்கு மாற்ற மறந்துவிட்டேன். காலையில் அது லேப் சுவரில் இருந்தது.

கொசு எங்கள் ஐவரில் ஒருத்தி, என் சிநேகிதி. ஒல்லி, காதருகே வந்துதான் பேசுவாள், அதனால் கொசு. அவள் அம்மா கோழிக்கடையில் வெட்டித் தரும் வேலை செய்கிறாள். அதை அவள் சொன்னது என் ஒருத்தியிடம் மட்டும்தான்.

ஜூன் 12, புதன்

நேற்று எல்லோரும் பார்க்கும்போதே கொசு எழுந்து போய், மவுசைப் பிடித்து அந்தச் சீட்டை அழித்தாள். இரண்டு முறை குறி தவறியது. பின்வரிசையில் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

ஒட்டியது யார் என்ற இடத்தில் ‘பாலம்’ என்றுதான் இருந்தது. நல்லவேளை.

இன்று காலை சீட்டு மறுபடியும் அதே இடத்தில்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. தினமும் விடியற்காலை ஐந்து மணிக்குப் பாலம் கோப்பையும் பலகையையும் ஒப்பிட்டு, பலகையில் எது குறைகிறதோ அதைத் திரும்ப ஒட்டும். யாராவது கைதவறி அழித்துவிட்டால் வேலை காணாமல் போகக் கூடாது என்று நான்தான் அப்படி எழுதினேன். கோப்பிலிருந்து வரியை நீக்கினால் நின்றுவிடும். ஆனால் எழுதியது யார், நீக்கியது யார் என்று ரெப்போ பெயரோடு குறித்து வைத்திருக்கும். இதுவரை யாரும் அங்கே போய்ப் பார்க்கவில்லை. நீக்கப் போனால் பார்ப்பார்கள்.

ஜூன் 13, வியாழன்

மறுபடியும் வந்தது. மறுபடியும் அழித்தாள்.

ஜூன் 14, வெள்ளி

கொசு மத்தியானம் என் பக்கத்தில் உட்காரவில்லை. ஒரு கை தள்ளி உட்கார்ந்தாள். "யாரோ தினமும் மெனக்கெட்டு ஒட்டுறாங்கடி. நான் அவங்களுக்கு என்ன செஞ்சேன்?" என்றாள்.

நான் தண்ணீர் குடித்தேன்.

ஜூன் 17, திங்கள்

கொசுவின் கையெல்லாம் முழங்கைவரை சிவந்திருக்கிறது. துணி சோப்புப் போட்டுத் தேய்த்தாளாம். பவுடர் வேறு, கழுத்தில் திட்டுத் திட்டாக. எங்கள் லீடர், ஒரு வகுப்பு மூத்தவள், "பார்த்தீங்களா, பாலம் சொன்னா ஊரே திருந்துது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஜூன் 18, செவ்வாய்

மிஸ்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாளைக்கு ரெப்போவைத் திறந்து பார்க்கப் போறேன். யார் எழுதினதுன்னு அதுலயே இருக்கும்ல. அவ ஸ்கூல்லயே இருக்க மாட்டா."

போச்சு. எல்லாம் போச்சு. என்னடி பண்ணுவ இப்ப?

பிறகு —

ரெப்போவில் வரும் பெயர் நாம் தட்டிக் கொடுக்கும் பெயர்தான். அது உண்மையா என்று அது கேட்பதில்லை. ரெப்போவைத் தொடங்கியவள் நான், பழைய பதிவை மாற்றி எழுதி மேலே ஏற்ற எனக்கு உரிமை இருக்கிறது. யார் பெயரைப் போடுவது? லீடர் பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவாள், தோண்டுவாள். மற்ற இரண்டு பேரின் அப்பாக்களும் பள்ளிக்கு வந்து கத்துவார்கள். சண்டைக்கு வர ஆள் இல்லாதவள் யார்?

அவள் பெயரைத் தட்டினேன். அழித்தேன். திரும்பத் தட்டினேன்.

ஏற்றிவிட்டேன். நான்கு நொடிகூட ஆகவில்லை.

ஜூன் 19, புதன்

மிஸ் பெயரைப் படித்ததும் கொசு சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்திருக்கிறாள். அப்புறம்தான், "மிஸ், என்னைப் பத்தி நானே ஏன் மிஸ் எழுதப் போறேன்?" என்றாள்.

"எல்லாரும் பாவம்னு சொல்லணும்ல, அதுக்குத்தான்," என்றாள் லீடர்.

"ஒரு வாரமா என்னை முட்டாளாக்கியிருக்க," என்றார் மிஸ். "நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டு வா."

ஜூன் 20, வியாழன்

அவள் அம்மா வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். நின்றுகொண்டே இருந்தாள், யாரும் உட்காரச் சொல்லவில்லை. மிஸ் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டார். கொசு அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை நான் பார்த்தேன்.

அம்மாக்காரி எல்லோர் முன்னாலும் அவளை அறைந்தாள். "என் பொழப்பைப் பார்த்து உனக்கே நாறுதா?"

ஜூன் 21, வெள்ளி

கொசு என் காதருகே வந்தாள், பழையபடி. "என் லேப்டாப்ல போன வாரக் காப்பி அப்படியே இருக்குடி. அதுக்கப்புறம் நான் எதையும் இறக்கவே இல்ல. அதுல வேற பேர் இருக்கலாம்ல? எனக்குப் பார்க்கத் தெரியாது. நீ வந்து பாரேன்."

ஆமாம், அவளிடம் முழுப் பிரதி இருக்கிறது. அதில் என் பெயர் இருக்கிறது.

போனேன். ஒரே அறை, துவைத்த துணி கொடியில் தொங்கியது. நெட் வேண்டும் என்று அவளை ஜன்னல் பக்கம் போய் ஃபோனில் சிக்னல் பிடித்து வரச் சொன்னேன். பழைய பிரதியை முழுதாக அழித்துவிட்டுப் புதியதை இறக்கினேன். அவள் வந்ததும் திறந்து காட்டினேன்.

"இதுலயும் உன் பேர்தான்டி இருக்கு."

திரையில் தன் பெயரை விரலால் தொட்டாள். "அப்ப நான்தான் எழுதினேனோ?" என்றாள். "தூக்கத்துல, தெரியாம?"

இருக்கலாம் என்றேன்.

வாசல்வரை வந்து, "நீ ஒருத்தியாவது வந்தியே," என்றாள்.

ஜூன் 24, திங்கள்

கொசு வரவில்லை. பள்ளியை விட்டு நிறுத்திவிட்டார்களாம், கடையில் அம்மாவோடு நிற்கிறாளாம். கோப்பிலிருந்து அந்த வரியை மிஸ் சொல்லியே நான் நீக்கினேன். "நல்ல பொண்ணு" என்றார்.

ஜூன் 26, புதன்

தண்ணீர்க் குழாயடியில் லீடர் பக்கத்தில் வந்து நின்றாள். "என் மெஷின் ஒரு வாரமா திட்டுது. என்கிட்ட இருக்கற பதிவும் மேல இருக்கற பதிவும் ஒத்துப் போகலையாம். ஏன்டா கண்ணு?"

நான் குழாயை மூடினேன்.

"முதல் நாளே பார்த்துட்டேன், உன் பேரை. அவகூட இப்படிப் பழகுறியேன்னு ரசிச்சுட்டு இருந்தேன். நீ பேரையே மாத்துவேன்னு நினைக்கல. பெரிய ஆளுடி நீ." தோளில் கை போட்டாள். "பயப்படாத. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். கொசு இடத்துக்குப் புதுசா வந்திருக்காளே திக்குவாயி, அவளுக்கு ஒரு சீட்டு வேணும். வெள்ளிக்கிழமை காலையில சுவத்துல இருக்கணும்."

"அக்கா, வேண்டாம்க்கா."

"யார் பேர்ல போடறதுன்னு உனக்குத் தெரியாதா என்ன?"

ஜூன் 27, வியாழன்

மாலை முழுக்கக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மிஸ்ஸிடம் போய்ச் சொல்லிவிடலாம். சொன்னால் கொசு திரும்பி வருவாள். நான் கொசு இருக்கும் இடத்துக்குப் போவேன்.

புதுப்பெண்ணைப் பற்றிய வரியை எழுதிவிட்டேன். இந்த முறை யோசிக்க வேண்டியிருக்கவில்லை, எளிதாகவே வந்தது. எழுதியவர் பெயர் என்ற இடத்தில் கொசுவின் பெயரையே போட்டேன். ரெப்போவின் பெயர்ப் பட்டியலிலிருந்து அவளை இன்னும் யாரும் நீக்கவில்லை. வீட்டில் இருந்தபடி வயிற்றெரிச்சலில் செய்கிறாள் என்று நினைப்பார்கள். வந்து மறுத்துச் சொல்ல அவளை யாரும் உள்ளே விடப் போவதில்லை.

ஏற்றியாகிவிட்டது. ஏற்றி ஒரு மணி நேரம்கூட

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அம்மாதான். "எழுந்து வா. கொசுவோட அம்மா வாசல்ல நிக்கறாங்க. சாயந்திரத்துலேர்ந்து பிள்ளையைக் காணோமாம். உன்கிட்ட ஏதாவது சொல்லிட்டுப்